இளவெயிலில் குன்றுகள்: வாசகர் கேள்வி – பதில்

விடியற்காலையில் குன்றுகளைப் படமெடுப்பது பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்தால் அதில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: நேரில் அலை அலையாகப் புரண்டு கிடக்கும் குன்றுகள், படத்தில் பச்சைப் போர்வையை விரித்ததுபோலத் தட்டையாக வருகின்றன. அவசரப்படவும் இல்லை. சூரியன் மேலே வந்து நன்றாக வெளிச்சம் பரவும்வரை பொறுத்திருந்துதான் எடுக்கிறேன். எங்கே தவறு?

பொறுத்திருந்ததில்தான் தவறு. மேடு பள்ளம் கண்ணுக்குப் புலப்பட, ஒரு சரிவில் வெயிலும் அடுத்த சரிவில் நிழலும் இருக்க வேண்டும். குன்றுகளின் சரிவு மிக மென்மையானது என்பதால் அந்த வேறுபாடு கொஞ்ச நேரம்தான் நிற்கும்.

5 டிகிரி மட்டுமே சாய்ந்த ஒரு மேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சூரியன் அடிவானத்துக்கு மேல் 5 டிகிரியில் இருக்கும்போது, சூரியனைப் பார்த்த சரிவில் சமதரையைவிட இரு மடங்கு வெயில் விழும். மறுபக்கச் சரிவில் நேர்வெயிலே இராது. சூரியன் 40 டிகிரிக்கு ஏறிய பிறகு அதே இரண்டு சரிவுகளையும் பாருங்கள். வேறுபாடு கால் பங்குகூடத் தேறாது. செங்குத்தான மலையாக இருந்தால் பொழுது நன்றாக ஏறிய பிறகும் நிழலை வைத்திருக்கும். குன்றுக்கு அந்த வசதி இல்லை. மறுபக்கச் சரிவு 8 டிகிரி என்றால், சூரியன் 8 டிகிரியைத் தாண்டியதும் நிழல் கழன்றுவிடும்.

நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் சூரியன் ஏறக்குறைய நேராக மேலேறும்: 4 நிமிடத்துக்கு 1 டிகிரி. அப்படியானால் 10 டிகிரியைத் தொட 40 நிமிடம். 50 டிகிரி அட்சரேகையில் சாய்ந்து எழுவதால் மார்ச், செப்டம்பர் மாதங்களில் அதே உயரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதலாகும். உங்களுக்குக் கிடைக்கும் நேரம் இவ்வளவுதான். கருவி எதுவும் இல்லாமல் இதைத் தெரிந்துகொள்ளவும் வழி உண்டு. சமதரையில் விழும் உங்கள் நிழலைப் பாருங்கள். அது உங்கள் உயரத்தைப்போல 6 மடங்கு இருந்தால் சூரியன் இன்னும் 10 டிகிரிக்குக் கீழேதான். 3 மடங்குக்குச் சுருங்கிவிட்டால் டிரைபாடை மடக்கலாம்.

அடுத்தது, நிற்கும் திசை. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்று பழைய பாடம் ஒன்று உண்டு. ஆளைப் படமெடுக்க அது சரிப்படலாம்; குன்றுக்கு ஆகவே ஆகாது. நிழல்களெல்லாம் மேடுகளின் பின்னால் ஒளிந்துகொள்ளும், நீங்கள் பார்ப்பது வெயில் பட்ட முகங்களை மட்டுமே. சூரியன் ஏதாவது ஒரு தோளுக்கு நேராக இருக்கும்படி திரும்பி நில்லுங்கள். சூரியனுக்கும் லென்ஸ் நோக்குக்கும் இடையே 60 முதல் 120 டிகிரி வரை இருந்தால் ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியாக எழுந்து நிற்கும். சூரியனுக்கு நேரெதிரே கேமராவைத் திருப்பலாம் என்றால், அது பள்ளங்களில் மூடுபனியோ மெல்லிய புகையோ தேங்கியிருக்கும்போது மட்டும். அப்போது முகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிறிக்கொண்டே போகும். அதுவே ஆழத்தைக் காட்டிவிடும். பனி இல்லாத நாளில் எதிர்வெயிலில் எடுத்தால் கிடைப்பது கறுப்புக் கோடும் ஆரஞ்சு வானமும்தான். குன்று அதில் இருப்பதாகவே தெரியாது.

கேள்வி: எத்தனை மணிக்கு இடத்தில் இருக்க வேண்டும்? செயலியில் காட்டும் உதய நேரத்துக்குப் போனால் போதாதா?

போதாது, சில இடங்களில் அது தேவைக்கு மேல் முன்னதாகவும் இருக்கும். செயலி சொல்வது கடல்போலத் தட்டையான அடிவானத்தில் சூரியனின் மேல்விளிம்பு தெரியும் நேரம். கிழக்கே 3 டிகிரி உயரத்துக்கு ஒரு மலை மறைத்தால், சூரியன் நேராக எழும் பகுதிகளில் வெயில் 12 நிமிடம் தாமதமாகத்தான் வரும். கையை முழுக்க நீட்டி மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்தால் அந்த அகலம் தோராயமாக 5 டிகிரி. முதல் நாள் மாலையே போய்க் கிழக்கு அடிவானத்தை இப்படி அளந்துவிட்டு வாருங்கள். இருட்டில் போய் இடம் தேடுவது வீண்வேலை.

உதயத்துக்கு 45 நிமிடம் முன்னதாக டிரைபாட் ஊன்றியிருக்க வேண்டும். மெல்லிய உயர்மேகம் இருந்தால் நல்ல நிறம் உதயத்துக்கு முந்தைய 10–15 நிமிடங்களில்தான் வரும். சூரியன் வெளியே வரும்போது மேகம் வெளுத்துவிடும். மேகமே இல்லாத நாளில் மேற்கே திரும்புங்கள். அடிவானத்தை ஒட்டி நீலச் சாம்பல் பட்டையும் அதன்மேல் ரோஜா நிறப் பட்டையும் தெரியும். கீழே உள்ளது பூமியின் நிழல். சூரியன் எழ எழ அது கீழிறங்கிக் கரைந்துவிடும். குன்றுகளுக்கு மேல் அந்த இரு பட்டைகளும் நிற்கும் படத்துக்குத் தனி அழகு உண்டு. அதன் பிறகு வெயில் முதலில் உச்சிகளைத் தொடும். உச்சி மட்டும் பொன்னிறமாகவும் பள்ளங்கள் நீலமாகவும் இருக்கும் அந்தச் சில நிமிடங்களைத் தவறவிட்டால் அன்றைய வேலையில் பாதி போயிற்று.

கேள்வி: ஜனவரியில் அருமையாக அமைந்த இடம், ஜூலையில் போனபோது சப்பென்று இருந்தது. புல்தான் காரணமா?

புல்லும் இருக்கலாம். பெரிய காரணம், சூரியன் எழும் இடமே மாறிவிட்டது. சரியாகக் கிழக்கே எழுவது பகலும் இரவும் சமமாகும் மார்ச், செப்டம்பர் நாட்களில் மட்டும். ஜூன் கடைசியில் வடக்காகவும் டிசம்பர் கடைசியில் தெற்காகவும் தள்ளிப்போகும்: நிலநடுக்கோட்டருகே இரு பக்கமும் 23 டிகிரிக்குச் சற்று மேல், 50 டிகிரி அட்சரேகையில் 38 டிகிரி வரை. ஜனவரியில் பக்கவாட்டில் விழுந்த வெயில் ஜூலையில் அதே குன்றுக்கு நேர்முன்னே விழுந்திருக்கும். உதயத் திசையை வரைபடத்தின் மேல் கோடாகக் காட்டும் செயலிகள் உண்டு. குன்றுத் தொடரின் முகடு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, அந்தக் கோடு முகட்டைக் குறுக்கே வெட்டும் மாதத்தில் போங்கள்.

கேள்வி: இயற்கைக் காட்சிக்கு வைட் ஆங்கிள் என்றார்கள், 16 மி.மீ. லென்ஸ் வாங்கினேன். படத்தில் குன்றுகள் எறும்புப் புற்று அளவில் இருக்கின்றன.

பெரிய குன்றுத் தொடருக்கு 70–200 மி.மீ. லென்ஸ் ஒன்று போதும், 16 மி.மீ. பையிலேயே இருக்கட்டும். பெரிய சென்சார் கொண்ட முழுச்சட்டக் கேமராவில் 24 மி.மீ. லென்ஸ் குறுக்குவாட்டில் 74 டிகிரியை அள்ளும், 200 மி.மீ. 10 டிகிரியை மட்டும். அந்தப் பத்து டிகிரிக்குள் இரண்டு மடிப்பு, ஒற்றை மரம், வளைந்து போகும் ஒரு வண்டித்தடம் இருந்தால் படம் அங்கேயே முடிந்துவிட்டது. மற்றதெல்லாம் நிரப்பல். வானத்தில் ஒன்றும் இல்லை என்றால் அதை முழுக்க வெட்டிவிடத் தயங்காதீர்கள். வெற்று வானம் படத்தின் மேல்பாதியைச் சும்மா அடைத்துக்கொள்ளும்.

நிற்கும் உயரத்தையும் கவனிக்க வேண்டும். பள்ளத்தில் நின்றால் முன்னால் உள்ள மேடு பின்னால் உள்ளவற்றை விழுங்கிவிடும். எடுக்கும் குன்றுகளைவிடக் கொஞ்சம் உயரத்தில் நின்றால்தான் வரிசைகள் பிரிந்து தெரியும். காற்று கொண்டுவந்து குவித்த மண்ணால் ஆன அமெரிக்காவின் பலூஸ் குன்றுகளை எடுக்க வருபவர்கள் ஸ்டெப்டோ பட் என்ற தனிமேட்டின் உச்சிக்கு, தூரத்தை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸோடு ஏறுவது இதற்காகத்தான். அதற்காக அளவுக்கு மீறி உயரே போய்விடாதீர்கள். செங்குத்தாகக் கீழே பார்த்தால் மேடுகள் மறுபடியும் தட்டையாகிவிடும்.

சட்டகத்தை முடிவு செய்யும்போது ஒன்றை மட்டும் தவறாமல் பாருங்கள்: மரத்தின் தலை பின்னால் உள்ள முகட்டுக் கோட்டில் இடிக்கிறதா? இடித்தால் இரண்டடி ஏறியோ இறங்கியோ பிரித்துவிடுங்கள். பிறகு கணினியில் சரிசெய்ய முடியாத குறை இது.

கேள்வி: வானம் சரியாக வந்தால் நிலம் கறுப்பு, நிலம் சரியாக வந்தால் வானம் வெள்ளை. ஃபில்டர் வாங்கலாமா, பல படங்களை எடுத்துச் சேர்க்கலாமா?

முதலில் சூரியனைச் சட்டகத்திலிருந்து வெளியேற்றிப் பாருங்கள். பக்கவாட்டில் திரும்பியதுமே வானத்துக்கும் நிலத்துக்கும் உள்ள இடைவெளி வெகுவாகக் குறையும். பெரும்பாலும் ஒரே ரா ஃபைலில் (சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் வைக்கும் கோப்பு) அடங்கிவிடும்.

மேல்பாதி கறுத்த ஃபில்டர், கோடு போட்டதுபோன்ற கடல் அடிவானத்துக்குப் பொருந்தும். குன்றின் முகடு ஏறி இறங்குவதால் உச்சியும் சேர்ந்து கறுத்துவிடும், அதுவும் வெயில் பட்ட உச்சி. டெலி லென்ஸிலோ மென்விளிம்பு ஃபில்டரின் மாற்றம் சட்டகம் முழுக்கப் பரவிப்போய் பயனே தராது. ஆகவே பல படங்களை எடுத்துச் சேர்ப்பதே மேல். ஐஎஸ்ஓவையும் (ஒளியுணர்வு) அப்பர்ச்சரையும் (லென்ஸின் துளை) மாற்றாமல் ஷட்டரை (ஒளி விழும் நேரம்) மட்டும் மாற்றி, 2 ஸ்டாப் குறைவு, சரியளவு, 2 ஸ்டாப் கூடுதல் என மூன்று படங்கள். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்காவது அல்லது பாதியாவது. காற்றில் ஆடும் புல்லும் நகரும் பனியும் சேர்க்கும்போது இரட்டை இரட்டையாகத் தெரியும். அந்த இடங்களுக்கு மூன்றில் ஒரே படத்தைப் பயன்படுத்துங்கள்.

விடியலில் பலரும் ஏமாறுவது சிவப்பில். படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம், ஒற்றை வெள்ளையாக இருந்தால், எல்லாம் நலம் என்று காட்டும். ஆனால் செக்கர் வானத்தில் சிவப்பு மட்டும் முன்பே நிரம்பி வழிந்திருக்கும். மேகத்தின் நுணுக்கமெல்லாம் போய் ஒரே ஆரஞ்சுத் திட்டாகிவிடும். சிவப்பு, பச்சை, நீலம் எனப் பிரித்துக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் போட்டு, சிவப்பு வலது ஓரத்தைத் தொடாதபடி எக்ஸ்போஷரைக் குறையுங்கள். வைட் பேலன்ஸை, அதாவது நிறச் சமநிலையை, தானியங்கியில் விட்டால் கேமரா அந்தப் பொன்னிறத்தைக் குறையென்று நினைத்துக் கழுவிவிடும். 5200 முதல் 5600 கெல்வினுக்குள் ஒன்றில் நிறுத்திவையுங்கள்.

கேள்வி: நல்ல டிரைபாட், நல்ல லென்ஸ். ஆனாலும் 200 மி.மீ.இல் எடுத்த படங்கள் பெரிதாக்கினால் கலங்கலாக இருக்கின்றன. எஃப் 22 வரை மூடியும் பார்த்துவிட்டேன்.

எஃப் 22ஐ முதலில் விடுங்கள். அவ்வளவு சின்னத் துளையில் ஒளி விலகிப் பரவுவதால் படம் முழுவதுமே மழுங்கும். குன்றுகளுக்கு எஃப் 8 முதல் எஃப் 11. அதன் பிறகு, கலங்கல் எப்படிப்பட்டது என்று படத்தை நூறு சதவீத அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு கோளாறும் தன் முத்திரையை விட்டுவைக்கும்.

கோடுகள் ஒரே திசையில் இரட்டையாகத் தெரிந்தால் அது அதிர்வு. கண்ணாடி எழும்பும் கேமராக்களில் இது 1/2 விநாடிக்கும் 1/30 விநாடிக்கும் இடையில்தான் மோசம். சிக்கல் என்னவென்றால் உதயத்திலிருந்து அடுத்த இருபது நிமிடம் வரை, ஐஎஸ்ஓ 100, எஃப் 8இல் ஷட்டர் வேகம் பெரும்பாலும் இதே எல்லைக்குள்தான் வந்து நிற்கும். கண்ணாடியை முன்கூட்டியே தூக்கி நிறுத்தும் வசதியை அல்லது மின்னணு முன்திரையை (ஷட்டரின் முதல் திரை அசையாமல் சென்சாரே பதிவைத் தொடங்கும் வசதி) பயன்படுத்துங்கள். 2 விநாடி டைமர் போடுங்கள். லென்ஸிலுள்ள அதிர்வுத் தடுப்பை அணைத்துவிடுங்கள். டிரைபாடின் நடுத்தண்டை உயர்த்த வேண்டாம். கனமான லென்ஸ் என்றால் கேமராவைப் பொருத்தாமல் லென்ஸைச் சுற்றியுள்ள பிடிவளையத்தை (காலர்) பொருத்துங்கள். பனியில் நனைந்த மண்ணில் கால்கள் மெல்ல மெல்ல இறங்கும். ஊன்றியபின் ஒவ்வொரு காலையும் அழுத்தி இறக்கிவிடுங்கள். எடைக்காகப் பையைத் தொங்கவிடுபவர்கள் அதன் அடி தரையைத் தொடும்படி விட வேண்டும். ஊசலாடும் பை இல்லாத ஆட்டத்தைக் கொண்டுவரும்.

கிட்டே உள்ளது கூர்மையாகவும் தூரத்துக் குன்று மங்கலாகவும் இருந்தால் ஃபோகஸ் தவறு. 24 மி.மீ., எஃப் 8 என்றால் 2.4 மீட்டரில் ஃபோகஸ் செய்தாலே அடிவானம் வரை கிடைத்துவிடும். 200 மி.மீ., எஃப் 11இல் அந்தத் தூரம் ஏறத்தாழ 120 மீட்டர். அதற்குள் இருக்கும் வேலியையோ செடியையோ பிடித்தால் பின்னணி போய்விடும். ஃபோகஸ் வளையத்தைக் கடைசிவரை திருப்பிவிட்டால் போதும் என்பதும் சரியில்லை. பல லென்ஸ்கள் முடிவிலியைத் தாண்டியும் சுழலும். லைவ் வியூவில், அதாவது கேமராத் திரையில், பத்து மடங்கு பெரிதாக்கி, வானத்தைத் தொடும் முகட்டுக் கோட்டில் கையால் ஃபோகஸ் செய்யுங்கள். ஜூமை அசைத்தால் மறுபடியும் செய்யுங்கள்.

நீரடியில் பார்ப்பதுபோல இங்கொன்றும் அங்கொன்றுமாக நெளிந்திருந்தால் குற்றம் காற்றில். வெயில் ஏறித் தரை சுட ஆரம்பித்தபின் தொலைதூரக் குன்றுகளை எந்த லென்ஸாலும் கூர்மையாக எடுக்க முடியாது. விடியலிலேயே இப்படி வந்தால், கதகதப்பான வண்டிக்குள்ளிருந்து எடுத்த லென்ஸ் காரணமாக இருக்கலாம்: அதன் சூடு லென்ஸின் முன்னுள்ள வெயில்மறைப்புக்குள் குளிர்காற்றோடு கலந்து நெளிகிறது. வெளியே அரை மணி நேரம் ஆறவிடுங்கள்.

புல்லும் இலையும் மட்டும் கலங்கியிருந்தால் காற்றுக்கு ஏற்ப ஐஎஸ்ஓவை 400 அல்லது 800 ஆக்கினால் தீர்ந்தது. ஐஎஸ்ஓ 100ஐ விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடிப்பதால் கெட்ட படங்கள் ஏராளம்.

கேள்வி: பள்ளங்களில் மூடுபனி படியும் நாளை முன்கூட்டியே கணிக்க முடியுமா?

ஓரளவு. முந்தைய நாள் மழை, மாலையில் வானம் தெளிவு, இரவில் மேகமின்மை, மிக மெல்லிய காற்று: நான்கும் சேர்ந்தால் கிளம்பலாம். மேகம் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வேகமாக இழக்கும். அதைத் தொட்ட காற்றும் குளிர்ந்து, கனத்து, சரிவு வழியாகப் பள்ளத்தில் இறங்கித் தேங்கும். வானிலைச் செயலியில், காற்றின் ஈரம் துளியாக மாறும் வெப்பநிலையை, அதாவது பனிநிலையை, பாருங்கள். விடியற்காலை வெப்பநிலைக்கும் அதற்கும் இடைவெளி 2 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழ் என்றால் நல்ல வாய்ப்பு. காற்று துளியும் அசையாவிட்டால் ஈரம் பெரும்பாலும் புல்லில் பனித்துளியாகவே நின்றுவிடும். மணிக்கு 10 கிலோமீட்டரைத் தாண்டினால் கலைந்துவிடும்.

உதயத்தின்போது பனி மெலிதாக இருந்தாலும் கிளம்பிவிடாதீர்கள். முதல் வெயில் காற்றைக் கிளறுவதால் அடுத்த அரை மணியில் அது தடிப்பதும் உண்டு. மேலேறி நீங்கள் நிற்கும் முகட்டையே மூடிவிட்டால் கொஞ்சம் கீழே இறங்கிப் பாருங்கள். பனி நிறைந்த சட்டகத்தைக் கேமரா சாம்பலாக்கிவிடும் என்பதால் எக்ஸ்போஷரை 2/3 முதல் 1 ஸ்டாப் வரை கூட்ட வேண்டும்.

கேள்வி: ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் முழுக்க ஆவி படிந்துவிடுகிறது. துடைத்தாலும் திரும்பத் திரும்ப வருகிறது.

கண்ணாடி குளிராக இருக்கும்வரை வந்துகொண்டேதான் இருக்கும். பையை மூடியபடியே இரவில் அறைக்கு வெளியே வைத்துவிடுங்கள், அல்லது அரை மணி முன்னதாக வெளியே கொண்டுவந்து மூடியபடியே வையுங்கள். லென்ஸைக் கழற்றி மாற்ற மட்டும் கூடாது, ஈரம் உள்ளே சென்சார்வரை போய்விடும். திறந்தவெளியில் நெடுநேரம் நிற்கும்போது முன்கண்ணாடியில் பனித்துளி கோத்தால், கை சூடாக்கும் பொட்டலம் ஒன்றை ரப்பர் பேண்டால் லென்ஸைச் சுற்றிக் கட்டினால் போதும்.

கேள்வி: என்னிடம் இருப்பது கைப்பேசி மட்டும். முயலலாமா?

தாராளமாக. முதல் வேலை, லென்ஸைத் துடைப்பது. சட்டைப்பையின் எண்ணெய்ப் பிசுக்குதான் விடியல் படங்களில் வரும் ஒளிக்கீற்றுகளில் பாதி. வெயில் பட்ட உச்சியில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். கைப்பேசி தானாகவே நிழலையெல்லாம் தூக்கி வெளுப்பாக்கும் பழக்கம் உடையது. நாம் வந்ததே நிழலுக்காக. ப்ரோ முறையும் ரா வசதியும் இருந்தால் அதில் எடுங்கள்.

3 மடங்கு, 5 மடங்கு டெலி லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ஒரு எச்சரிக்கை: மங்கிய வெளிச்சத்தில் பல கைப்பேசிகள் சொல்லாமல் கொள்ளாமல் முதன்மை லென்ஸின் படத்தையே வெட்டிப் பெரிதாக்கித் தரும். டெலி லென்ஸை விரலால் மூடிப் பாருங்கள். திரையில் காட்சி அப்படியே இருந்தால் நீங்கள் பார்ப்பது டெலி இல்லை. இன்னும் ஐந்து நிமிடம் வெளிச்சம் வரட்டும். கல்லிலோ கம்பத்திலோ சாய்த்து 3 விநாடி டைமரில் எடுங்கள்.

கேள்வி: கணினியில் மூட்டத்தை நீக்கும் கருவியைப் போட்டால் படம் பளிச்சென்று இருக்கிறது. எவ்வளவு வரை போடலாம்?

தூரத்துக் குன்றுகளில் போடவே வேண்டாம். தூரம் கூடக் கூட முகடுகள் நீலமாகி வெளிறுவதால்தான் எது முன்னே, எது பின்னே என்று கண் கண்டுபிடிக்கிறது. அதை நீக்கினால் ஐந்து வரிசையும் ஒரே சுவரில் ஒட்டிய தாளாகிவிடும். முன்னால் இருக்கும் குன்றுக்கு மட்டும் கொஞ்சம் கான்ட்ராஸ்டை (ஒளி-நிழல் வேறுபாடு) கூட்டுங்கள், பின்வரிசைகளை அப்படியே விட்டுவிடுங்கள்.

கேள்வி: போலரைசர் தேவையா?

பளபளப்பைக் குறைத்து வானத்தைக் கருக்கவைக்கும் ஃபில்டர் அது. சூரியனுக்குச் செங்குத்தான திசையில்தான் அதன் வேலை உச்சம். குன்றுகளை எடுக்க நிற்கும் திசையும் அதுவே. ஈரப் புல்லின் பளபளப்பு அடங்கிப் பச்சை தெளியும். 1 முதல் 2 ஸ்டாப் வெளிச்சம் போகும். வைட் ஆங்கிளில் வானத்தின் நடுவில் கருநீலத் திட்டு விழும் என்பதால் அங்கே கழற்றிவிடுங்கள்.

கேள்வி: சூரியனையே டெலி லென்ஸில் பெரிதாக எடுக்க ஆசை. கண்ணுக்கு ஆபத்தா?

திரையில் பார்த்தால் கண்ணுக்கு ஆபத்தில்லை. பழைய வகைக் கேமராவின் ஒளியியல் வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்து டெலி வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது. கண்ணாடியில் குவிந்த ஒளி நேரே விழித்திரையில் விழும். சென்சாரில் சூரியனின் அகலம் லென்ஸின் மி.மீ. அளவில் ஏறத்தாழ 109இல் ஒரு பங்கு: 200 மி.மீ.இல் 1.8 மி.மீ., 400 மி.மீ.இல் 3.7 மி.மீ. அது பெரிதாகத் தெரிய வேண்டுமானால் முகட்டில் நிற்கும் மரத்திலிருந்து சில நூறு மீட்டர் பின்னால் போய், மரம் சிறுத்தபின் அதன் பின்னே சூரியனை வையுங்கள்.